கொசுவத்திச் சுருளும் பூச்சியின் நரம்பும்



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பள்ளியோடு இணைந்த மாணவர் விடுதியின் மேற்பார்வையும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த கூடத்தின் நான்கு மூலைகளிலும் கொசுவத்திச் சுருள் ஏற்றி வைத்திருந்தோம். எட்டாம் வகுப்பில் பயின்ற சிறுவன் ஒருவன், தன் கணக்குப் புத்தகத்தின் மீது விழுந்து கிடந்த கொசுவொன்றை வெகுநேரம் உற்று நோக்கிக்கொண்டிருந்தான். அது மல்லாந்து கிடந்து கால்களை உதறிக்கொண்டிருந்தது. பிறகு அவன் எழுந்து என்னிடம் வந்து, “ஐயா, இந்தப் புகையில் கொசு விழுந்து துடிக்கிறது. இதே புகையில்தானே நானும் உட்கார்ந்திருக்கிறேன்? எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?” என்று கேட்டான்.

“கொசு சின்னஞ்சிறு உயிர்; புகையில் அதற்கு மூச்சு முட்டுகிறது. நீ பெரியவன்; உனக்கு முட்டுவதில்லை” என்று சொல்லி அனுப்பினேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போய் அமர்ந்தான். நான் சொன்ன விடை முற்றிலும் தவறு. அடுப்புப் புகையில் அகப்பட்ட கொசு விலகிப் பறந்து போகுமே தவிர, மல்லாந்து விழுந்து கால்களை உதறுவதில்லை. அந்த வேறுபாட்டை அவன் கண் கண்டிருந்தது. என் கண் காணவில்லை. சரியான விடையை நான் நூல்களில் தேடிக் கற்றபோது அவன் பள்ளியை விட்டே போய்விட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அந்த விடை ஒரு பூவிலிருந்து தொடங்குகிறது. சாமந்தி இனத்தைச் சேர்ந்த பைரித்திரம் என்னும் செடியின் பூ அது. நடுவில் மஞ்சள் வட்டமும், சுற்றிலும் வெள்ளை இதழ்களுமாகக் காண்பதற்கு மிக எளிய தோற்றம் உடையது. இத்தாலிக்கு எதிர்க்கரையில், ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய டால்மேஷியாப் பகுதியின் பாறைச் சரிவுகளில் தானாகவே முளைத்து வளர்வது. டுப்ரோவ்னிக் நகரில் ஒரு பெண் இப்பூக்களை அழகுக்காகப் பறித்து வைத்தாளாம். வாடியபின் மூலையில் வீசியெறிந்தாளாம். சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சருகைச் சுற்றிலும் பூச்சிகள் செத்துக் கிடந்தனவாம். இப்படி ஒரு கதை வழங்கிவருகிறது. கதை எவ்வளவு தூரம் மெய்யோ, பூவில் அந்த ஆற்றல் இருந்தது மெய்.

டால்மேஷியாவின் வெண்பூவுக்கு முன்பே காக்கசஸ் மலைநாட்டில் இதன் உறவான செம்பூ ஒன்றைப் பொடித்து மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் தூவி வந்தனர். பாரசீகப் பொடி என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அதன் செய்முறையை வணிகர் பலகாலம் மறைபொருளாகவே வைத்திருந்தார்கள் என்றும், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்மீனிய வணிகர் ஒருவர் அம்மறைபொருளை அறிந்துகொண்டார் என்றும் கூறுவர். பிறகு வியன்னா நகரத்து ஜக்கேர்ல் குடும்பத்தார் இப்பொடியை ஐரோப்பா எங்கும் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டினர். அந்நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் எழுப்பிய ஆலைக் கட்டடம், பொடி கீழ்த்திசையிலிருந்து வந்தது என்பதை நினைவூட்டும்படி பள்ளிவாசலைப் போன்ற தோற்றத்தில் அமைந்தது. இன்றும் அங்கே நிற்கிறது. பூச்சிப் பொடி விற்றவர் மசூதி வடிவில் ஆலை கட்டினார் என்றால், விளம்பரக் கலை நம் காலத்தில் பிறந்ததன்று என்பது விளங்கும்.

அங்கிருந்து பூ ஜப்பானுக்குச் சென்றது. வாக்காயாமா மாநிலத்தில் ஆரஞ்சுத் தோட்டம் உடைய குடும்பத்தில் பிறந்த உயேயாமா எய்ச்சிரோ என்பவர், 1886-இல் அமெரிக்க நாற்று வணிகர் ஒருவருக்குத் தம் ஆரஞ்சுக் கன்றுகளைக் கொடுத்து, மாற்றாக வேறு செடிகளின் விதைகளைப் பெற்றார். அவற்றுள் பைரித்திர விதையும் இருந்தது. ஐரோப்பியர் பொடியாகத் தூவியதை ஜப்பானியர் வேறு வழியில் கையாண்டனர். வழிபாட்டிற்கு ஊதுவத்தி கொளுத்தும் நாடல்லவா? பூப்பொடியைப் பசை மாவோடு பிசைந்து ஊதுவத்தி போலவே திரித்தார் உயேயாமா. 1890-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் அந்த நேர்க்குச்சி 40 நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். உறங்கத் தொடங்கிய மனிதன் கொசுக்கடியில் மீண்டும் விழித்துக்கொள்வான். 1895-இல் அவருடைய மனைவி யூக்கி அம்மையார், வத்தியை நீளமாகச் செய்து பாம்பு சுருண்டிருப்பதைப் போலச் சுருட்டினால் என்ன என்று கேட்டார். அதைச் செய்து முடித்துக் கடைக்குக் கொண்டுவர மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. 1902 முதல் விற்பனையான சுருள் ஓர் இரவின் உறக்கத்துக்குப் போதுமான நேரம் எரிந்தது. நம் வீட்டு மூலையில் இருக்கும் பச்சைச் சுருளின் வடிவம் அந்த அம்மையாருடையது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருளின் நுனியில் கனலும் நெருப்பு மருந்தை எரித்துவிடுகிறது. எரிந்த மருந்தினால் பயன் இல்லை. ஆனால் அக்கனலுக்குச் சற்றுப் பின்னால், இன்னும் எரியாத பகுதி சூடேறுகிறதே, அங்கேதான் மருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. கொசுவை வீழ்த்துவது கண்ணுக்குத் தெரிகிற புகையன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவியே. என் பழைய விடையின் முதற்பிழை இது.

பூவினுள் இருக்கும் பொருள் யாது என்ற ஆராய்ச்சியும் இதே காலத்தில் தொடங்கியது. ஜப்பானியர் ஃபுஜித்தானி 1909-இல் அதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். 1910 முதல் சில ஆண்டுகள், ஸ்டாடிங்கர், ருஜிச்கா என்னும் வேதியியலார் இருவர் முதலில் ஜெர்மனியிலும் பிறகு ஜூரிச் நகரிலும் அப்பொருளோடு போராடினர். இவர்களில் ருஜிச்கா, இன்றைய குரோஷியாவில் உள்ள வுக்கோவார் நகரில் பிறந்தவர். பூவின் தாயகமும் அந்நாடே. சாமந்திப் பூவின் பெயரால் அழைக்கப்படும் ஓர் அமிலமும் ஒருவகைச் சாராயச் சேர்மமும் இணைந்து உண்டான பொருள் அது என்றும், அவ்வமிலத்தில் மூன்று கரி அணுக்கள் முக்கோணமாகப் பிணைந்திருக்கின்றன என்றும் கண்டனர். ஜப்பானியர் யமமோட்டோவும் 1923-இல் அம்முக்கோணத்தைக் கண்டறிந்தார். ஜூரிச் முடிவுகள் 1924-இல்தான் அச்சேறின. இருவரும் பின்னாளில் நோபெல் பரிசு பெற்றனர். ஆனால் வேறு வேறு ஆராய்ச்சிகளுக்காக. பூவிலுள்ள ஆறு பொருள்களையும் சேர்த்துப் பைரித்திரின்கள் என்று இன்று வழங்குகிறோம்.

பொருள் தெரிந்தது, ஆனால் அது பூச்சியின் உடலில் செய்வது என்ன என்பது தெரியவில்லை. தெரியாமலே உலகம் அதை மேலும் மேலும் கையாண்டது. இந்த வரலாற்றில் நம் தஞ்சைச் சீமைக்கும் ஓர் இடம் உண்டு.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாய், அதுவரை வானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டை வட்டாரத்திற்குக் காவிரி நீரைக் கொண்டு சேர்த்தது. நீரோடு நெல் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. வாய்க்கால் கசிவிலும் வடியாத குட்டைகளிலும் அனோபிலிஸ் கொசு பெருகி, ஊர் ஊராகக் குளிர்காய்ச்சல் பரவிற்று. பஞ்சம் தீர்க்க வந்த தண்ணீர் நோயைச் சுமந்து வந்ததைக் கண்டு அந்த மக்கள் எவ்வளவு திகைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ராக்பெல்லர் அறநிலையத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்னும் அமெரிக்க மருத்துவரும், நைப் என்னும் அவருடைய துணைவரும் அங்கே ஆராய்ச்சி நடத்தினர். நீர்நிலைகளில் எல்லாம் மருந்து தெளிப்பது சிற்றூர்களால் தாங்க முடியாத செலவு. ஆகவே அவர்கள் வேறு வழியில் சிந்தித்தனர். இரவில் மனிதரைக் கடித்த கொசு, பகலில் குடிசையின் இருண்ட மூலையிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஓய்வு கொள்கிறது. அப்போது அதைப் பிடித்தால் என்ன? பைரித்திரச் சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து, வாரந்தோறும் வீடு வீடாகத் தெளிப்பானால் தெளித்தனர். முதற்பருவ முடிவுகள் 1939-இல் வெளியாயின. தெளித்த ஊர்களில் மலேரியா குறைந்தது. செலவும் சிற்றூருக்குத் தாங்கும் அளவினதாக இருந்தது. வீட்டினுள் மருந்தடித்து மலேரியாவை ஒடுக்கலாம் என்பதற்கு உலகில் முன்னோடியாக அமைந்த சில சோதனைகளுள் இது ஒன்று. நம் பாடநூல்களில் மேட்டூர் அணையின் உயரமும் நீளமும் தவறாமல் இடம்பெறும். இச்செய்தி இடம்பெற்று நான் கண்டதில்லை.

முதல் உலகப் போரின்போது டால்மேஷியாப் பூ கிடைக்காமற்போனதால் ஜப்பான் முன்னணிக்கு வந்தது. இரண்டாம் போரில் ஜப்பான் பகை நாடானதும் அந்த வழியும் அடைபட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா அவ்விடத்தைப் பிடித்தது. போர்க்கால நெருக்கடியில் காஷ்மீரத்திலும், நம் நீலகிரியிலும், பழனி மலைத்தொடரிலும் இச்செடியைப் பயிரிட்டனர். பசிபிக் தீவுக் காடுகளில் போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, குட்ஹியூ, சல்லிவன் என்னும் இருவர் அழுத்தக் குப்பி ஒன்றை ஆக்கித் தந்தார்கள். திருகைத் திறந்தால் மருந்து பனிபோல் சீறி வரும். அக்குப்பியில் பைரித்திரச் சாற்றோடு வேறு என்ன இருந்தது தெரியுமா? நல்லெண்ணெய்! பைரித்திரத்தோடு நல்லெண்ணெய் சேர்ந்தால் அதன் வலிமை பன்மடங்கு பெருகுகிறது என்று 1940-இல் ஈகிள்சன் என்பவர் கண்டறிந்திருந்தார். நல்லெண்ணெய் தனியாக ஈயைக் கொல்லாது. சேர்ந்தால் மட்டும் ஏன் வலிமை கூடுகிறது? இதையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி நரம்புக்கு வருவோம். பூச்சியின் நரம்பானாலும் மனிதனின் நரம்பானாலும் செய்தி செல்லும் முறை ஒன்றே. அம்முறையை வெளிப்படுத்தியது பூச்சியுமன்று, மனிதனுமன்று. நம் கடற்கரைச் சந்தைகளில் கூறு கட்டி விற்கும் ஊசிக்கணவாய். ஆபத்து நேர்ந்தால் நீரைப் பீய்ச்சிக்கொண்டு பாய்ந்தோடுவதற்காக அதன் உடலில் மிகத் தடித்த நரம்பிழை ஒன்று உண்டு. நம் நரம்பிழைகள் தலைமயிரைவிட மெல்லியவை. கணவாயின் இழையோ அரை மில்லிமீட்டருக்கும் மேல் பருமன் உடையது. அதனை நரம்பென்று 1936-இல் உலகறியச் செய்தவர் யங் என்னும் ஆங்கில விலங்கியலார். 1939 ஆகஸ்டில், பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தில், ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இளைஞர் இருவர் அவ்விழையினுள் நுண்ணிய கம்பி ஒன்றைச் செலுத்தி, உள்ளிருக்கும் மின்னழுத்தத்தை அளந்தனர். சில வாரங்களில் போர் மூண்டது, ஆராய்ச்சி நின்றது. போருக்குப்பின் மீண்டும் தொடங்கி, 1952-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதற்கான கணக்குகளைச் செய்ய நம்பியிருந்த கேம்பிரிட்ஜ் மின்னணுக் கணிப்பொறி ஆறு மாதங்களுக்கு இயங்காது என்று தெரிந்ததும், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியைச் சுற்றிச் சுற்றியே எல்லாவற்றையும் போட்டு முடித்தார். கணக்குக்குக் கருவி இல்லை என்று வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் மாணவர்களுக்கு இதைச் சொல்வது என் வழக்கம். 1963-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டதை நமக்குப் பழகிய உவமையால் சொல்லுகிறேன். நரம்பிழையைத் தரைமட்டத்திற்குத் தாழ்ந்த ஒரு நீண்ட வாய்க்காலாக எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே சோடியம் அயனிகள் பெருகி நிற்கின்றன. உள்ளே அவை குறைவு. உட்புறம் வெளிப்புறத்தைவிட, ஒரு வோல்ட்டில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு அளவுக்கு எதிர்மின் உடையது. ஆகவே வெளியிலுள்ள சோடியம் எப்போதும் உள்ளே பாயத் துடித்துக்கொண்டிருக்கிறது. கரையெங்கும் நுண்ணிய மதகுகள் உள்ளன; அவை சோடியத்தை மட்டும் விடுவன. ஓய்வில் எல்லா மதகும் மூடியிருக்கும். செய்தி வந்து தட்டியதும் ஒரு மதகு திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது. அவ்விடத்தின் மின்னழுத்தம் மாறுகிறது. அம்மாற்றத்தை உணர்ந்து அடுத்த மதகு திறக்கிறது; பிறகு அதற்கடுத்தது. இப்படி ஓர் அலை வாய்க்காலின் முனைவரை ஓடுகிறது. அதுவே நரம்பின் செய்தி.

திறப்பதைக் காட்டிலும் மூடுவதே இதில் அருமையானது. ஒவ்வொரு மதகுக்கும் இரண்டாவது பலகை ஒன்று உண்டு. மதகு திறந்த ஆயிரத்தில் ஒரு விநாடி அளவில் அது தானே விழுந்து வழியை அடைத்துவிடும். அடைத்தால்தான் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த செய்திக்கு ஆயத்தமாகும். பள்ளியின் மணியை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை அடித்து நின்றால்தான் அது பாடவேளை முடிந்ததைக் குறிக்கும். அடித்த மணி நில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் எந்த வகுப்பு எங்கே போவது?

பைரித்திரின் செய்வது இதுதான். அது மதகின் உடலிலேயே போய்ப் பொருந்திக்கொண்டு, திறந்த மதகை மூடவொட்டாமல் தடுக்கிறது. டோக்கியோவில் தோஷியோ நராஹாஷி என்னும் ஆராய்ச்சியாளர், கரப்பான் பூச்சியின் பெரிய நரம்பிழைகளில் கம்பி செலுத்தி இதை ஆராய்ந்தார். பைரித்திரினைப் போலவே செயற்கையாகச் செய்த அல்லெத்திரின் என்னும் பொருளை நரம்பில் இட்டபோது, துடிப்பு முடிந்த பின்னும் மின்னழுத்தம் உடனே அடங்காமல் வால்போல் நீண்டது. ஒரு செய்தி அனுப்பினால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல செய்திகள் கிளம்பின. 1962-இல் இம்முடிவு அச்சாயிற்று. பூவைப் பொடித்துத் தூவத் தொடங்கி நூறாண்டுகளுக்கும் மேல் ஆன பிறகே, அது எங்கே தாக்குகிறது என்பது துலங்கியது. கணக்குப் புத்தகத்தின் மீது கிடந்த கொசு கால்களை உதறியதன் காரணம் இதுவே. காலுக்குப் போகும் நரம்பில் ஒரு செய்திக்குப் பதில் இருபது செய்தி, சிறகுக்கும் அவ்வாறே. எந்தச் செய்தி மெய், எது வெறும் ஓசை என்று தசைக்குத் தெரியாது. சற்று நேரத்தில் நரம்பே ஓய்ந்துவிடுகிறது. பூச்சி செயலற்றுப் போகிறது.

அப்படியானால் அந்தச் சிறுவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவன் நரம்பிலும் அதே சோடிய மதகுகள் உண்டே? மூன்று காரணங்கள் சேர்ந்து அவனைக் காத்தன. நம் மதகின் அமைப்பு பூச்சியின் மதகிலிருந்து சிறிது வேறுபட்டது; பைரித்திரின் நம் மதகில் அவ்வளவு இறுகப் பொருந்துவதில்லை. அடுத்து, இம்மருந்து குளிர்ச்சியில் வலிமை மிகுவது, வெம்மையில் குன்றுவது. நம் உடலோ எப்போதும் வெதுவெதுப்பானது. மூன்றாவதாக, நம் கல்லீரல் இப்பொருளை நரம்பை அடையுமுன்பே விரைந்து சிதைத்துவிடுகிறது. பூச்சிக்கும் இவ்வாறு சிதைக்கும் நொதிகள் உண்டு. விழுந்து கிடந்த ஈ சில வேளைகளில் மறுநாள் எழுந்து பறப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். நொதிகள் மருந்தை வென்றுவிட்டன என்பது பொருள். நல்லெண்ணெயின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. எள்ளிலுள்ள சில பொருள்கள் பூச்சியின் அந்த நொதிகளைச் செயலறச் செய்கின்றன. நல்லெண்ணெய் வாளன்று, பகைவனின் கேடயத்தைப் பறிக்கும் கை.

அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்வதும் முழுமையான உண்மையன்று. மருந்தின் ஆவி அவனைத் தீண்டாவிட்டாலும், சுருளிலுள்ள மரத்தூள் எரியும் புகை நுரையீரலுக்குத் தீங்கானதே. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. மூடிய அறையில் சுருள் ஏற்றாதீர்கள். அன்று அக்கூடத்தின் சன்னல்களை மழைக்காக நானே சாத்தச் சொல்லியிருந்தேன். மீனுக்கும் தேனீக்கும் இம்மருந்து கொடிய நஞ்சு என்பதையும் மறத்தலாகாது. அவற்றிடம் நமக்குள்ள காப்பு இல்லை.

செடிகள் தரும் பூச்சிக்கொல்லிகள் எல்லாம் இதே மதகைத் தாக்குவன என்று கருதிவிட வேண்டா. நம் உழவர் தெளிக்கும் புகையிலைக் கஷாயத்திலுள்ள நிக்கோட்டின், ஒரு நரம்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் சந்திப்பிலே, இயற்கைச் செய்திப் பொருளைப் போல வேடமிட்டு நுழைகிறது. அச்சந்திப்பு நமக்கும் அதேபோல் அமைந்திருப்பதால் நிக்கோட்டின் மனிதனையும் கொல்லும். வேப்பங்கொட்டையின் சத்தோ பெரும்பாலும் நரம்பின் பக்கமே போவதில்லை. புழுவின் பசியைக் கெடுத்து, அது தோலுரிப்பதைத் தடுத்துவிடுகிறது. செடியிலிருந்து வந்தது ஆதலின் தீங்கற்றது என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது, புகையிலையும் செடிதானே என்று கேட்கத் தோன்றும்.

பூவின் கதை இதற்குள் வேறு திசையில் திரும்பியிருந்தது. 1939-இல் சுவிட்சர்லாந்தில் பால் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டார். 1948-இல் நோபெல் பரிசு பெற்றார். விலை மலிவு, சுவரில் ஒருமுறை அடித்தால் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் பட்டால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் பூச்சாற்றை அதன் அருகில் வைத்து எண்ணுவார் யார்? பட்டுக்கோட்டைக் குடிசைகளில் வாரந்தோறும் தெளித்த முறை பழங்கதையாயிற்று. ஆனால் சில ஆண்டுகளிலேயே டி.டி.டி.க்குச் சாகாத ஈக்கள் தோன்றின. 1951-இல் பஸ்வைன் என்னும் ஆங்கிலேயர் வியப்பான ஒன்றை அறிவித்தார். டி.டி.டி.க்கு அஞ்சாத சில ஈக்கள் பைரித்திரினுக்கும் எளிதில் விழவில்லை. இரண்டும் வேதியியல் அமைப்பில் எவ்வகையிலும் உறவில்லாத பொருள்கள். பிறகு ஏன்? இரண்டும் தாக்குவது ஒரே மதகை. அந்த மதகே மாறியிருந்தது. ஆனால் அவ்வுண்மையைக் காட்டும் கருவி அப்போது எவரிடமும் இல்லை.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் என்பவரும் அவருடைய துணைவர்களும், பூவின் பொருளைச் சிறிது சிறிதாக மாற்றியமைத்து, வெயிலில் கெடாத பெர்மெத்திரினை 1973-இல் உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டே அதனினும் வலிய டெல்டாமெத்திரின் வந்தது. மாமிச உண்ணிகளான பெரும் பறவைகளின் முட்டையோட்டை டி.டி.டி. மெலிவிக்கிறது என்ற கவலை மேலோங்கியிருந்த காலம் அது. 1972-இல் அமெரிக்கா அதை வேளாண்மையிலிருந்து விலக்கியிருந்தது. ஆகவே புதிய மருந்துகளை உலகம் இருகை நீட்டி வரவேற்றது. நிதானமாகக் கையாண்டிருந்தால் நெடுங்காலம் பயன் தந்திருக்கும். நடந்ததோ வேறு. பருத்தி வயல்களில் வாரம் தவறாமல் தெளித்தார்கள். விளைவு இல்லையென்றால் அளவைக் கூட்டித் தெளித்தார்கள். 1987-இல் ஆந்திரத்தின் பருத்திப் பகுதியில் காய்ப்புழு இம்மருந்துகளுக்கு அசையாமல் பயிரைத் தின்று தீர்த்தது. கடன் வாங்கி மருந்து வாங்கிய உழவர் பலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். பூச்சியின் நரம்பைப் பற்றிய செய்தி அவர்கள் வீட்டுவரை வந்து சேர்ந்தது அவ்வாறுதான்.

பஸ்வைன் கண்ட புதிருக்கு 1996-இல் விடை கிடைத்தது. அதுவும் பெர்மெத்திரின் பிறந்த அதே ராதம்ஸ்டெட்டில். ஈயின் சோடிய மதகு, ஏறத்தாழ 2,000 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதச் சங்கிலி. விழாத ஈயின் சங்கிலியில் 1014-ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் ஃபீனைல் அலனின் இருந்தது. இரண்டாயிரம் மணிகள் கொண்ட மாலையில் ஒரே ஒரு மணி மாறியிருந்தது, அவ்வளவே. மதகு முன்போலவே திறக்கிறது, மூடுகிறது, ஈ முன்போலவே பறக்கிறது. மருந்துக்கு மட்டும் பொருந்த இடமில்லை. சில ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவிலும் அதே இடத்தில் அதே மாற்றம் காணப்பட்டது.

கொசுவின் மாற்றம் ஈயின் மாற்றத்தைவிட நம்மை அதிகம் வருத்தத் தக்கது. 1980-களிலிருந்து கொசுவலைகளைப் பெர்மெத்திரின் போன்ற மருந்துகளில் தோய்த்துப் பயன்படுத்தும் முறை ஆப்பிரிக்காவில் பரவியது. வலையைத் தொட்ட கொசு விழும்; உள்ளே குழந்தை உறங்கும். வலையில் தோய்க்கத் தக்க அளவுக்கு மனிதர்க்குத் தீங்கு குறைந்த மருந்தினம் அக்காலத்தில் இது ஒன்றே. 2000-க்கும் 2015-க்கும் இடையில் ஆப்பிரிக்காவில் 66 கோடிக்கும் மேற்பட்ட மலேரியா நோய்த்தாக்கங்கள் தவிர்க்கப்பட்டன என்றும், அவற்றுள் 68 விழுக்காடு இவ்வலைகளால் என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். பருத்தியின் மீது கொட்டியதும் குழந்தையின் வலையில் தோய்த்ததும் ஒரே மருந்தினம். வயலோரக் குட்டையில் வளர்ந்த கொசுப்புழு, வலையைக் காணுமுன்பே அம்மருந்தோடு பழகிவிட்டது.

இன்றைய வலைகளில் இரண்டு புதிய ஏற்பாடுகள் வந்துள்ளன. 2017-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த வலையின் இழைக்குள், மருந்தோடு பைப்பரோனில் பியூட்டாக்சைடு என்னும் துணைப்பொருளும் கலந்திருக்கிறது. எள்ளின் பொருளில் காணும் வேதியியல் அமைப்பே அதன் உடலிலும் ஒரு பகுதியாக உள்ளது. அதுவும் பூச்சியின் நொதிகளை அடக்குவதே. மருந்தைச் சிதைக்கக் கற்றுக்கொண்ட கொசுவிடம் அது நன்கு வேலை செய்கிறது. மதகையே மாற்றிக்கொண்ட கொசுவிடம் அதன் உதவி குறைவு. அதற்காக 2023-இல் மற்றொரு வலை பரிந்துரைக்கப்பட்டது. அதில் சேர்ந்துள்ள குளோர்ஃபெனாப்பிர் நரம்பைத் தொடுவதே இல்லை. உயிரணுவினுள் ஆற்றல் உண்டாகும் இடத்தில் போய் அதை நிறுத்துகிறது. அதன் மூல வடிவத்தை வேதியியலார் பெற்றதும் ஆய்வுக்கூடக் குப்பியிலிருந்து அன்று. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிடமிருந்து.